மூன்று பக்கமும் மலை இருந்தால் இலவச சாட்டிலைட் டிவி கிடைக்குமா?

வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட் லயத்தில் குடியிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாதாமாதம் ரீசார்ஜ் இல்லாமல் வரும் சாட்டிலைட் சேனல்களை நானே டிஷ் வைத்துப் பிடித்துப் பழக ஆசை. எங்கள் லயத்துக்கு மூன்று பக்கமும் மலை. சிக்னல் வருமா? எதில் ஆரம்பிப்பது, எவ்வளவு ஆகும்? பழைய டிஷ் ஒன்றை வைத்து யூடியூப் பார்த்துத் திருப்பிப் பார்த்தேன். குவாலிட்டி பூஜ்யத்தைத் தாண்டவில்லை."

தம்பி, மலையைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். டிவி சாட்டிலைட்டுகள் எல்லாம் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுற்றும் வேகத்துக்கே சுற்றுகின்றன. அதனால்தான் நமக்கு அவை ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கின்றன. வண்டிப்பெரியாறும் குமுளியும் பூமத்திய ரேகையிலிருந்து ஒன்பதரை டிகிரிதான் வடக்கே இருக்கின்றன. ஆக, அந்த சாட்டிலைட் வரிசை நமக்கு ஏறக்குறைய தலைக்கு மேலேயே போகிறது, கொஞ்சம் தெற்கே சாய்ந்து. ஐரோப்பாவில் இதே பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்கு சாட்டிலைட் நம்மைவிட வெகு தாழ்வாக நிற்கும். எதிர்வீட்டு மாடியே மறைத்துவிடலாம். நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

கணக்காகவே சொல்கிறேன். நீங்கள் முதலில் பிடிக்க வேண்டியது தூர்தர்ஷனின் இலவசச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ். அது கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கும் ஜிசாட்-15இலிருந்து வருகிறது. உங்கள் ஊரில் அதன் ஏற்றக் கோணம், அதாவது தரைமட்டத்திலிருந்து எவ்வளவு அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பது, 68 டிகிரி. நூறு மீட்டர் தள்ளி நிற்கும் மலை இதை மறைக்க வேண்டுமானால் அது உங்கள் கூரையைவிட 240 மீட்டருக்கு மேல் செங்குத்தாக எழுந்து நிற்க வேண்டும். தேயிலைக் காட்டில் அப்படிப்பட்ட சுவர் எங்கே இருக்கிறது? 83 டிகிரி சாட்டிலைட் இன்னும் உயரம், 77 டிகிரி. நமக்கு மேற்குப் பக்கம், கிழக்கு 66 டிகிரியில் நிற்கும் சாட்டிலைட் என்றால் ஏற்றம் 73. கிழக்கே 119.1 டிகிரியில் இருக்கும் வங்கதேச சாட்டிலைட் போன்ற தூரத்து சாட்டிலைட்டுக்குப் போகும்போதுதான் ஏற்றம் 40 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. அங்கேகூட மலையைவிட மரம்தான் இடைஞ்சல்.

மரம் என்றதும் சில்வர் ஓக்கைச் சொல்ல வேண்டும். தேயிலைக்கு நிழலுக்காக நட்டிருக்கும் அந்த மரம் நெடுநெடுவென்று போகும். 68 டிகிரி ஏற்றத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயரமான மரம் 4 மீட்டருக்குள் நின்றால்தான் மறைக்கும். 25 மீட்டர் உயரம் என்றால் 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சாட்டிலைட் இருக்கும் பக்கத்தில் நிற்கும் மரங்களுக்கு மட்டும்தான் இது. பின்பக்கம் எவ்வளவு மரம் இருந்தாலும் கவலை இல்லை. நனைந்த இலை காய்ந்த இலையைவிட மோசமாக மறைக்கும் என்பதால், பனிக்காலத்தில் ஓரளவு வரும் சிக்னல் மழைக்காலத்தில் ஒரேயடியாகப் போய்விடலாம். கிளையின் ஓரத்தை உரசிக்கொண்டு போகும்படி டிஷ் வைக்காதீர்கள்.

இங்கே பலர் ஏமாறும் விஷயம் ஒன்று இருக்கிறது. வீட்டுக் கூரைகளில் பார்க்கும் சின்ன டிஷ் ஆஃப்செட் வகை. அதன் முகம் பார்க்கும் இடம் வேறு, அது உண்மையில் சிக்னல் வாங்கும் இடம் வேறு. ஏறக்குறைய 24, 25 டிகிரி மேலே பார்க்கும். 68 டிகிரிக்குச் சரியாக வைத்த டிஷ் வெறும் கண்ணுக்கு 43, 44 டிகிரிக்கு நிமிர்ந்ததுபோல்தான் தெரியும். அதைப் பார்த்துவிட்டு எதிரே நிற்கும் மரத்தை வெட்டியவர்களும் உண்டு. வெட்டாதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள்.

இனி உங்கள் குவாலிட்டி ஏன் ஏறவில்லை என்பதற்கு வருவோம். இதுதான் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம். யூடியூபில் கிடைக்கும் வீடியோக்கள் பெரும்பாலும் வடக்கே எடுத்தவை. டில்லியில் இருப்பவருக்கு ஜிசாட்-15 தென்கிழக்கே 149 டிகிரி திசையில், 52 டிகிரி ஏற்றத்தில் இருக்கும். நமக்கு அதே சாட்டிலைட் 120 டிகிரி திசையில், 68 டிகிரி ஏற்றத்தில் இருக்கிறது. டிஷ்ஷைக் கிழக்குப் பக்கமாக நன்றாகவே திருப்ப வேண்டும், நன்றாக அண்ணாந்தும் வைக்க வேண்டும். இந்த இரண்டையும் பலர் எப்படியோ தடவிப் பிடித்துவிடுவார்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் காலை வாருகிறது: எல்என்பியின், அதாவது டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கும் கருவியின், சாய்வு. ஸ்கியூ என்பார்கள்.

சாட்டிலைட் அனுப்பும் அலைகள் செங்குத்து, கிடை என்று இரண்டு வகையாக வரும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, நமக்கு நேர் தெற்கே இல்லாமல் கிழக்கே தள்ளி நிற்கும் சாட்டிலைட்டைப் பார்க்கும்போது அந்த அலைகள் நமக்குச் சாய்ந்து வந்து சேர்கின்றன. டில்லியில் 93.5க்குச் சாய்வு 27 டிகிரி அளவு. கண்டுகொள்ளாமல் விட்டாலும் சிக்னல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நமக்கோ அது கிட்டத்தட்ட 59 டிகிரி. எல்என்பியை நேராக வைத்தால் செங்குத்து அலையைவிடக் கிடை அலைதான் அதிகம் உள்ளே வரும். டிஷ் சரியான இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாலும் குவாலிட்டி பூஜ்யம் காட்டும். எனவே டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று சாட்டிலைட்டைப் பார்த்தபடி, எல்என்பியைக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் ஏறக்குறைய 60 டிகிரி திருப்பிவிட்டு, அதற்குப் பிறகு தேட ஆரம்பியுங்கள். உங்கள் டிஷ் பழுதாக இல்லாவிட்டால், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்க்கும்போது, கோளாறு இங்கேதான் என்பது என் கணிப்பு.

வாங்க வேண்டியவை அதிகம் இல்லை. ஃப்ரீ டிஷ் வரும் அலைவரிசைக்கு கேயூ பேண்ட் என்று பெயர், அதற்கு 60 சென்டிமீட்டர் டிஷ் போதும். ஆனால் நம் பக்கம் பெய்யும் மழைக்கு 75 அல்லது 90 கிடைத்தால் அதையே எடுங்கள். யுனிவர்சல் எல்என்பி ஒன்று, ஆர்ஜி-6 கேபிள், எஃப் கனெக்டர்கள், அப்புறம் செட்டாப் பாக்ஸ். பாக்ஸில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். எம்பெக்-2 மட்டும் காட்டும் மலிவான பாக்ஸ் இந்தப் பொழுதுபோக்குக்கு உதவாது. டிவிபி-எஸ்2, எம்பெக்-4 இரண்டும் இருக்க வேண்டும். அலைவரிசை எண்களை நாமே உள்ளிடும் வசதியும், எண் கொடுக்காமலே பாக்ஸ் தானாகத் தேடும் பிளைண்ட் ஸ்கேனும் இருக்க வேண்டும். சாலிட் போன்ற கம்பெனிகளின் பாக்ஸ்களில் இவை கிடைக்கும். எல்லாம் சேர்த்து இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குள் முடித்துவிடலாம். ஊசி ஆடும் சின்ன சாட்டிலைட் ஃபைண்டர் மீட்டர் ஆரம்பத்துக்குக் கட்டாயம் இல்லை. எந்த சாட்டிலைட் என்று அது சொல்லாது, ஏதோ இருக்கிறது என்று மட்டும் சொல்லும்.

டிஷ் வாங்கும்போது அதைக் கம்பத்தோடு பிடிக்கும் கிளாம்பைப் பாருங்கள். உங்கள் ஊருக்கு 68 டிகிரி வரை, பிறகு 83க்குத் திருப்பினால் 77 டிகிரி வரை அது சாய வேண்டும். குறைந்த ஏற்றத்துக்கு மட்டுமே செய்த கிளாம்பு நம்மிடம் பாதியிலேயே நின்றுவிடும்.

வைக்கும்போது முதல் வேலை, கம்பம் தூக்குக் குண்டுக்கு நேராக நிற்க வேண்டும். ரசமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்து இறுக்குங்கள். கம்பம் சாய்ந்தால் டிஷ்ஷில் அச்சடித்திருக்கும் டிகிரிக் கோடுகள் எல்லாம் பொய்யாகிவிடும். ஏற்றத்தை 68இல் வைத்து, லேசாக இறுக்கிவிட்டு, திசையை மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். கைபேசியின் திசைகாட்டியை இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். பத்தடி தள்ளி நின்று 120 டிகிரி எந்த மரம், எந்தப் பாறை என்று குறித்துக்கொண்டு வாருங்கள். நம் பகுதியில் காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இன்னொரு வசதியும் உண்டு. இவ்வளவு அண்ணாந்து பார்க்கும்போது திசையில் 5 டிகிரி பிசகினாலும் வானத்தில் அது 2 டிகிரிகூட வராது. ஏற்றத்தில் பிசகினால்தான் முழுதாகப் பிசகும். ஆகவே ஏற்றத்தில் கறாராக இருங்கள், திசையைத் தாராளமாகத் துழாவுங்கள்.

பாக்ஸில் எல்என்பி வகையை யுனிவர்சல், 9750/10600 என்று வைத்து, 11090, செங்குத்து, சிம்பல் ரேட் 29500 என்று கொடுங்கள். திரையில் இரண்டு பட்டைகள் வரும். ஸ்ட்ரெங்த் பட்டையைப் பார்த்து மகிழ வேண்டாம். எல்என்பிக்கு மின்சாரம் போனாலே அது ஏறும். குவாலிட்டிதான் சிக்னல். பாக்ஸ் ஒரு சிக்னலை அடையாளம் காணச் சில நொடிகள் எடுத்துக்கொள்ளும் என்பதால், கொஞ்சம் திருப்பி, நிறுத்தி, பார்த்து, மறுபடி திருப்புங்கள். அவசரப்பட்டு ஒரே வீச்சில் திருப்பினால் சாட்டிலைட்டைத் தாண்டிப் போனதே தெரியாது. ஒரு திருப்பு முழுக்க ஒன்றும் வரவில்லை என்றால் ஏற்றத்தை 1 டிகிரி கூட்டியோ குறைத்தோ மறுபடி. கிடைத்த பிறகு எல்என்பியை இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்பி, குவாலிட்டி எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அங்கே நிறுத்தி இறுக்குங்கள். பக்கத்து லயத்தில் சன் டைரக்ட், டிஷ் டிவி இருந்தால் அதையும் பாருங்கள். அவை 91.5 முதல் 95 டிகிரிக்குள் இருக்கும் சாட்டிலைட்டுகளையே பார்ப்பதால் உங்கள் டிஷ்ஷும் ஏறக்குறைய அதே பக்கம்தான் இருக்க வேண்டும். வேறு ஏதோ சிக்னல் பிடித்து, ஸ்கேன் செய்தால் எல்லாம் பூட்டிய சேனலாக வந்தால் நீங்கள் பக்கத்து சாட்டிலைட்டில் நிற்கிறீர்கள், ஒரு நூல் நகர வேண்டும்.

சரி, என்ன வரும்? 2004 டிசம்பரில் 33 சேனல்களோடு டிடி டைரக்ட் பிளஸ் என்று தொடங்கியதுதான் இன்றைய ஃப்ரீ டிஷ். மாதக் கட்டணம் கிடையாது. 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயரை விட்டு டிடி தமிழ் ஆன நம் சேனல், டிடி மலையாளம், மற்ற மாநிலங்களின் தூர்தர்ஷன்கள், தனியார் சேனல்கள் என்று வரும். தனியார் சேனல்களில் ஹிந்திதான் அதிகம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகாஷ்வாணியின் வானொலி நிலையங்களும் அதே டிஷ்ஷில் கேட்கும். எஃப்எம் சரியாக எட்டாத பள்ளத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் 2017இல் இதே சாட்டிலைட்டில் தொடங்கிய ஸ்வயம் பிரபா கல்விச் சேனல்களையும் தேடிப் பிடித்துக் கொடுங்கள்.

இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றில் நம் நாட்டுக்கு ஒரு தனி இடம் உண்டு. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 சாட்டிலைட்டைக் கடன் வாங்கி இஸ்ரோ ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டிவி காட்டியது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திராவும் அதில் ஒன்று. ஊர்ப் பொதுவிடத்தில் கோழிவலைபோன்ற கம்பி வலையில் செய்த டிஷ்கள் நின்றன. அந்த ஒளிபரப்பை இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஸ்டீவ் பிர்கில் என்ற பொறியாளர் தன் வீட்டில் சொந்தமாகச் செய்த கருவியில் பிடித்தார். உலகில் வீட்டிலிருந்து சாட்டிலைட் டிவி பார்த்த முதல் சிலரில் அவர் ஒருவர், அவர் பார்த்தது இந்தியக் கிராமங்களுக்கான நிகழ்ச்சி! சேனல் எண்ணிக்கையைவிட, கைக்கெட்டாத தூரத்திலிருந்து வருவதை நம் கையால் பிடிக்கிறோம் என்பதுதான் இதில் இருக்கும் சுவை. அது உங்களுக்கும் இருப்பதால்தான் ரீசார்ஜ் கணக்கோடு நிற்காமல் பழக ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த ஆசை ஃப்ரீ டிஷ்ஷோடு அடங்காது. அடுத்தது சி பேண்ட். கேபிள்காரர்களுக்காக சேனல்கள் அனுப்பும் வழி அது. தெற்கத்திச் செய்திச் சேனல்கள் பல அதில் பூட்டில்லாமல் போகும். 83 டிகிரியில் ஜிசாட்-30, 66 டிகிரியில் இன்டெல்சாட்-17, இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். 78.5 டிகிரியில் தாய்காம் இருக்கிறது, தாய்லாந்துச் சேனல்களோடு. அது நமக்கு ஏறக்குறைய நேர் தெற்கில், 79 டிகிரி உயரத்தில் நிற்பதால் வைக்கவும் எளிது, எல்என்பி சாய்வும் மிகக் குறைவு. சேனல்கள் சாட்டிலைட் மாறிக்கொண்டே இருக்கும், இன்று இருப்பது அடுத்த மாதம் இருக்காது. பிளைண்ட் ஸ்கேன் போட்டு, கிடைத்ததை நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.

சி பேண்டுக்கு 6 அடி டிஷ் வேண்டும், 8 அடி வலை டிஷ் என்றால் இன்னும் நல்லது. புதிதாக வாங்காதீர்கள். கம்பம் ஊரிலும் கட்டப்பனையிலும் கேபிள் அறைகளின் மாடியில் பழையது சும்மா கிடந்தால் கேளுங்கள், பழைய இரும்பு விலைக்கே தருபவர்கள் உண்டு. வாங்குமுன் இரண்டு நூல்களை விளிம்பின் குறுக்கே சிலுவைபோல் இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் ஒன்றை ஒன்று லேசாகத் தொட வேண்டும். இடைவெளி விட்டாலோ, ஒன்று மற்றதை அழுத்தினாலோ டிஷ் கோணியிருக்கிறது, விட்டுவிடுங்கள். நல்லதாக இருந்தால் நூலிலிருந்து நடுப்பள்ளம் வரை ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். எல்என்பி எவ்வளவு தூரத்தில் உட்கார வேண்டும் என்பது அதில் கிடைக்கும்: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தின் பதினாறு மடங்கால் வகுக்க வேண்டும். 180 சென்டிமீட்டர் விட்டம், 30 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 67.5 சென்டிமீட்டர். கால் தொலைந்து போன பழைய டிஷ்ஷுக்கும் இப்படிக் கணக்குப் போட்டு நீங்களே கால் செய்துவிடலாம். நம் ஊரில் இந்த டிஷ் ஏறக்குறைய மல்லாந்து கிடக்கும் என்பதால் தகட்டு டிஷ்ஷில் மழைத்தண்ணீர் தேங்கும். அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஒன்று போடுங்கள். பாக்ஸில் கொடுக்க வேண்டிய எல்என்பி எண் 5150.

சி பேண்டில் இப்போது புதிய தொல்லை ஒன்று. 2022இல் வந்த 5ஜி, 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரை பிடித்துக்கொண்டது. சி பேண்ட் எல்என்பிகள் 3400இலிருந்தே கேட்கும். பக்கத்துக் குன்றில் டவர் இருந்தால் அதன் சத்தம் எல்என்பியை நிரப்பிவிடும், நல்ல சாட்டிலைட் சிக்னலும் துண்டுதுண்டாகும். 5ஜி ஃபில்டர் சேர்ந்த எல்என்பி கேட்டு வாங்குங்கள்.

கனமழையில் கேயூ பேண்ட் படம் உறையும், போகும். சி பேண்ட் ஏறக்குறைய அசையாது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்காலத்தில் டிஷ் புதிதாக வைக்க ஆரம்பிக்காதீர்கள், எது கோளாறு எது மழை என்று பிரிக்க முடியாது. வருடத்தில் இரண்டு முறை, மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசி வாரத்திலும், சில நாட்கள் சில நிமிடங்கள் படம் தானாகவே போகும். சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வருவதுதான் காரணம், எதையும் கழற்ற வேண்டாம். மாறாக அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஜிசாட்-15க்கு நம் ஊரில் அது காலை 11 மணி வாக்கில் வரும். அந்த நேரத்தில் சூரியன் நிற்கும் இடம்தான் சாட்டிலைட் நிற்கும் இடம். டிஷ் வைக்க நினைத்த இடத்தில் அப்போது முழு வெயில் விழுந்தால் எந்த மரமும் மறைக்கவில்லை என்று அர்த்தம்.

இடி விஷயத்தில் கவனம் வேண்டும். கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மத்தியானத்துக்கு மேல் நம் மலையில் விழும் இடி சாதாரணமானது அல்ல. கம்பத்துக்கு எர்த் கொடுங்கள், வானம் இருட்டினால் பாக்ஸிலிருந்து டிஷ் கேபிளைக் கழற்றி மின்பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். இடி கேட்க ஆரம்பித்த பிறகு கூரைக்கு ஏறாதீர்கள்.

பூட்டிய சேனல்களைத் திறக்கும் கீ, கார்டு ஷேரிங் என்று பலர் ஆசை காட்டுவார்கள். அது திருட்டு, பக்கத்திலேயே போக வேண்டாம். பூட்டில்லாமல் கிடைப்பதே ஆயுளுக்குப் போதும். அதேபோல் உங்கள் டிஷ்ஷிலிருந்து மற்ற வீடுகளுக்குக் கம்பி இழுத்துக் காசு வாங்கினால் அது கேபிள் தொழில் ஆகிவிடும், 1995 சட்டப்படி பதிவு வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு டிஷ் வைக்கச் சொல்லிக் கொடுங்கள், அது நல்லது.

கேபிள் நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேட்டில் டிஷ், பள்ளத்தில் வீடு என்றால் 30 மீட்டர் வரை நல்ல ஆர்ஜி-6 தாங்கும். அதற்கு மேல் என்றால் டிஷ் பக்கத்திலேயே லைன் ஆம்ப்ளிஃபயர் போடுங்கள், வீட்டுப் பக்கத்தில் போட்டால் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். எல்என்பியில் கனெக்டர் சேரும் இடத்தில் நீர் புகாத டேப்பை இறுக்கமாகச் சுற்றுங்கள். முதலில் எல்என்பி சாய்வைத் திருப்பிப் பாருங்கள். அதன் பிறகும் வரவில்லை என்றால் கிளாம்பில் காட்டும் டிகிரி, பாக்ஸில் கொடுத்த எண்கள், 120 டிகிரி பக்கத்தில் என்ன நிற்கிறது, இந்த மூன்றையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.